பரண்ல கெடந்த உன் புஸ்தகம்

தம்பி,

நல்லாருக்கியா. இங்க எல்லாரும் நல்லாருக்கோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்ப பரவால்ல. பாப்பா பரீட்சைக்குப் படிக்கிறா. நேரத்துக்கு சாப்புடு, சாப்பாட்ட மட்டும் விட்டுறாத.

போன மாசம் வீட்டுக்கு வெள்ளையடிச்சோம், அப்பத்தான் பரண்ல இருந்த உன் அட்டப்பெட்டியெல்லாம் எறக்குனேன், அதுல ஒரு இங்கிலீஷ் நாவல் கெடந்துச்சு, தி கேட்சர் இன் த ரை, சாலிங்கர் எழுதுனது, 1951ல வந்தது. உள்ள நீ பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்த. அந்தக் கோடு இல்லன்னா நான் படிச்சிருக்க மாட்டேன்.

அப்புறம் நாங்க அனுப்புன பார்சல் திரும்பி வந்துருச்சுப்பா, உன் ஆபீஸ் அட்ரஸுக்குப் போட்டது. அம்மாகிட்ட பின்கோடு தப்பா எழுதிட்டேன்னு சொல்லிட்டேன். கடலமிட்டாய் அப்படியே இருக்கு, அதிரசம்தான் காஞ்சுபோச்சு. சரி அது கெடக்கட்டும்.

எனக்கு இங்கிலீஷ் உன் அளவுக்கு வராதுன்னு உனக்கே தெரியும். லிஃப்கோ டிக்‌ஷனரிய பக்கத்துல வச்சுக்கிட்டு மூணு வாரம் படிச்சேன். மொதல்ல எனக்கு அந்தப் பையன், ஹோல்டன், அவன்மேல கோவம்தான் வந்துச்சு. பதினாறு வயசு. அப்பா பெரிய வக்கீல், நியூயார்க்ல நல்ல வீடு, எந்தக் கொறையும் இல்ல. அஞ்சு பாடத்துல நாலு ஃபெயில், இங்கிலீஷ் மட்டும் பாஸ், ஸ்கூல்ல வெளிய அனுப்பிட்டாங்க, இதுக்கு முன்னாடியும் வேற ஸ்கூல்ல இருந்து வந்தவன். சிகரெட்டு, குடி, ட்ரெயின்ல பாக்குற அம்மாகிட்ட கூட வாய் கூசாம பொய். பாக்குறவன் எல்லாம் போலின்னு திட்டுறான். இந்தப் பயலப் பத்தி ஒரு புஸ்தகமான்னு மூடி வச்சுட்டேன். 

ஆனா நீ கோடு போட்ட எடமெல்லாம் வேற மாதிரி இருந்துச்சு. திட்டுற எடத்துல நீ ஒரு கோடு கூட போடல. அவன் தம்பி ஆலி ரத்தப் புத்துநோயில செத்துப்போன ராத்திரி, இவனுக்குப் பதிமூணு வயசு, கராஜ்ல படுத்துக்கெடந்து கண்ணாடி ஜன்னலெல்லாம் வெறுங்கையால குத்தி ஒடைக்கிறான், அங்க போட்டிருக்க. கையில காயத்தோட ஆஸ்பத்திரியில கெடந்ததால தம்பியோட அடக்கத்துக்குக் கூட அவன் போகல. இது கதையில ரொம்பத் தள்ளி ஒரு வரியில வருது, அவசரமா படிச்சா தெரியாது. அந்த வரிக்கு அப்புறம் நான் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். ஃபெயிலானது, ஊர் சுத்துனது, எல்லாரையும் வெறுக்கிறேன்னு சொன்னது எல்லாமே அந்த ராத்திரிக்கு அப்புறம் வந்ததுதான. மூணு வருஷமா அந்த வீட்டுல யாரும் அவன்கூட உக்காந்து தம்பியப் பத்தி மனசு விட்டுப் பேசுனதா எனக்குத் தோணல. அம்மா பாதி ராத்திரிக்கு முழிச்சு உக்காந்து சிகரெட் குடிக்குது, அவ்வளவுதான்.

இன்னொரு எடம், நியூயார்க் ஸ்டேஷன்ல எறங்குன உடனே யாருக்காவது போன் போடணும்னு பூத்துக்குள்ள போறான். அண்ணனுக்குப் போடலாமா, தங்கச்சிக்குப் போட்டா அம்மா அப்பா எடுத்துருவாங்களே, தெரிஞ்ச ஒரு புள்ளைக்குப் போடலாமான்னு யோசிச்சு யோசிச்சு இருவது நிமிஷம் கழிச்சு ஒருத்தருக்கும் போடாம வெளிய வர்றான். அங்க நீ ரெண்டு கோடு போட்டிருக்க தம்பி. நாலு ஞாயித்துக்கிழமையா நீ போன் பண்ணல. அம்மா மத்தியானத்துல இருந்து போன மடியிலயே வச்சுருக்கா. ஒரு வார்த்த பேச உனக்கு என்ன கேடுன்னு எனக்குக் கோவம் வரத்தான் செஞ்சுது, வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பக்கத்தப் படிச்சதுல இருந்து நீயும் எங்கயோ போன கையில வச்சுக்கிட்டு நிக்கிறியோன்னு தோணுது.

சாப்புடுறியா ஒழுங்கா? ராத்திரி வெறும் டீயக் குடிச்சுட்டுப் படுத்துராத.

அந்தப் பையன் வீட்டுக்குப் போகாம சுத்துறதுக்கு அவன் சொல்ற காரணம், ஸ்கூல்ல இருந்து வர்ற லெட்டர் புதன்கிழமைக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சேந்துரும், அம்மா படிச்சு கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் போவோம். ஆனா தங்கச்சி ஃபீபியப் பாக்காம இருக்க முடியாம ராத்திரி திருட்டுத்தனமா வீட்டுக்குள்ள வர்றான். அவளுக்குப் பத்து வயசு. விஷயம் தெரிஞ்ச உடனே அவ திரும்பத் திரும்ப ஒண்ணேதான் சொல்றா, அப்பா உன்னக் கொன்னுருவாரு, அப்பா உன்னக் கொன்னுருவாரு. அம்மா அப்பா வந்துர்றாங்க, இவன் அலமாரிக்குள்ள ஒளிஞ்சுக்கிறான், சிகரெட் நாத்தம் அடிக்குதேன்னு அம்மா கேக்குறா, நான்தான் ஒரு இழுப்பு இழுத்தேன்னு அந்தச் சின்னப் புள்ள பழிய தன்மேல போட்டுக்குது. போறப்போ கிறிஸ்துமஸுக்கு சேத்துவச்ச காச எடுத்து அண்ணன் கையில குடுக்குது. அப்பத்தான் அவன் அழுறான்.

நான் பாப்பாகிட்ட உன்னப் பத்தி ஒண்ணும் கேக்கல. கேட்டாலும் அவ உன்னக் காட்டிக் குடுக்க மாட்டா. நீயும் அவளக் கேட்டுத் திட்டாத. அவ உண்டியல் காலியா இருக்கு, அதையும் நான் கேக்கல.

அந்தக் கதையில அப்பா ஒரு தடவ கூட நேர்ல வர்றதில்ல, கவனிச்சியா? அவருக்கு எல்லாரும் பயப்படுறாங்க, ஆனா அவரு வந்து நின்னு ஒரு வார்த்த பேசுற காட்சி கெடையாது. இத நான் ரெண்டாவது தடவ படிக்கிறப்பத்தான் கண்டுபிடிச்சேன். ராத்திரி தூக்கம் வரல.

அதுக்கும் மேல அந்த வரலாறு வாத்தியார் ஸ்பென்ஸர். கெழவரு, நல்ல மனுஷன்தான், பையன்மேல அக்கறையாத்தான் வீட்டுக்குக் கூப்புடுறாரு. கூப்புட்டு வச்சு அவன் எழுதுன பரீட்சப் பேப்பர அவனுக்கே சத்தமாப் படிச்சுக் காட்டுறாரு. அவன் எகிப்து பத்தி தெரியாம ஏதோ எழுதி, கீழ, என்ன ஃபெயிலாக்குனா பரவால்ல சார்னு அவரு மனசு நோகக்கூடாதுன்னு ஒரு குறிப்பும் எழுதியிருக்கான். அதையும் விடாம படிக்கிறாரு. அந்தப் பக்கத்துல நீ கோடு போடல. ஓரத்துல பேனாவால அப்பான்னு மட்டும் எழுதியிருக்க.

ஒம்பதாவது காலாண்டுப் பரீட்ச. நான்தான் உங்களுக்கு சமூக அறிவியல். பிரெஞ்சுப் புரட்சிக் கேள்விக்கு நீ காரணங்கள எழுதாம, ராஜா தலைய வெட்டுன அன்னைக்கு ஜெயில்ல இருந்த அவரோட சின்னப் பையன் என்ன நெனச்சிருப்பான்னு ஒரு பக்கம் எழுதியிருந்த. அத நான் கிளாஸ்ல நின்னு படிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் நிறுத்தல. பூஜ்யம் போட்டேன். வாத்தியார் பையனுக்கு சலுகைன்னு எவனும் சொல்லிறக்கூடாதுங்கறதுதான் அன்னைக்கு என் மண்டையில இருந்துச்சு. அன்னைக்கு சாயங்காலம் நீ சைக்கிள உருட்டிக்கிட்டே பின்னாடி தள்ளி நடந்து வந்த. நான் திரும்பிப் பாக்கல. நீ அழுறேன்னு எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் திரும்பல. அதுக்கப்புறம் நீ என்கிட்ட எழுதுனது எதையும் காட்டுனதே இல்ல. மார்க் ஷீட்டு மட்டும் காட்டுவ, கையெழுத்துக்கு.

நல்லா எழுதியிருந்த. நிஜத்துலயே அந்தப் பையன் பத்து வயசுல சிறையிலயே செத்துப் போனான், 1795ல. இது எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க கிளாஸ்ல நீ ஒருத்தன்தான் அவனப் பத்தி யோசிச்ச. அத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். வீட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கணும்.

வேலையப் பத்தி நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. லோன் பத்தி நீ யோசிக்காத, பென்ஷன் வருது. கடைசியில அந்தப் பையன் எங்கயோ மேக்க போயிருவேன்னு கெளம்புறப்போ ஃபீபி அவனுக்குப் புத்தி சொல்லல, ஒரு பெட்டியத் தூக்க முடியாமத் தூக்கிட்டு வந்து நானும் வர்றேன்னு நிக்குது. அதுலதான் அவன் போகாம நிக்கிறான். இத்தன பெரியவங்க அட்வைஸ் பண்ணியும் நடக்காதது. நானும் இந்த லெட்டர்ல அட்வைஸ்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன், தெரியுது.

வர்ற புதன்கிழமை மைசூர் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டுட்டேன், கோவில்பட்டில ஏறுனா காலையில பெங்களூர். அம்மாகிட்ட பழைய சினேகிதர் பேத்தி காதுகுத்துன்னு சொல்லியிருக்கேன். கடலமிட்டாய் கொண்டு வர்றேன், அதிரசம் புதுசா சுடச் சொல்லியிருக்கேன். ஸ்டேஷனுக்கு நீ வரணும்னு இல்ல, நான் ஆட்டோ புடிச்சு வந்துருவேன். அட்ரஸ் மட்டும் அனுப்பு. ஆபீஸ் அட்ரஸ் வேண்டாம், நீ ராத்திரி படுக்குற எடத்தோட அட்ரஸ்.

அப்பா