பத்து எண்ணுவதற்குள்

இணையத்தில் படங்களை வெளியிடும் நிறுவனத்தின் தமிழ் சப்டைட்டில் பிரிவினருக்கு,

வணக்கம். ‘ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்’ படத்துக்கு நீங்கள் போட்டிருக்கும் தமிழ் சப்டைட்டிலை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதிப் போடுங்கள். அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் விவகாரத்தையோ, அதைத் துப்புத் துலக்கிய வாஷிங்டன் போஸ்ட் நிருபர்களைப் பற்றி 1976-இல் வந்த இந்தப் படத்தையோ உங்களுக்கு நாங்கள் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஒரு காட்சியை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

நிக்சனின் மறுதேர்தல் குழு வைத்திருந்த ரகசிய நிதியைக் கையாண்ட ஐந்தாவது ஆள், அதிபர் நிக்சனுக்கு மிக நெருக்கமான ஹால்டமன் என்று செய்தி தயாராகிறது. இன்னும் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். நீதித் துறையில் இருப்பவர் போனில் வாய் திறக்க மறுக்கிறார். அவரிடம் நிருபர் பெர்ன்ஸ்டீன் சொல்வது இதுதான்: பத்து வரை எண்ணுவேன். செய்தியை நிறுத்திவைக்க வேண்டுமென்றால் அதற்குள் போனை வைத்துவிடுங்கள். பத்துக்குப் பிறகும் லைனில் இருந்தால் செய்தி சரி.

உங்கள் சப்டைட்டிலில் வருவது: “பத்து வரை எண்ணுகிறேன். லைனிலேயே இருங்கள்.”

ஆங்கில வசனத்தில் வரும் ‘ஹோல்ட்’ என்ற சொல்லைப் பார்த்து, போனைப் பிடித்திருக்கச் சொல்கிறார் என்று எழுதிவிட்டார்கள். அங்கே நிறுத்திவைக்க வேண்டியது செய்தியை. மௌனமே ‘ஆம்’ என்ற ஏற்பாடு தமிழில் படிப்பவருக்குப் போய்ச் சேரவே இல்லை. செய்தி வந்ததும், ஹால்டமன் பெயரை அந்தக் குழுவின் பொருளாளராக இருந்த ஸ்லோன் சாட்சியத்தில் சொல்லவில்லை என்று அவருடைய வழக்கறிஞர் டிவியில் மறுக்கிறார். நிருபர்கள் எந்த இடத்தில் சறுக்கினார்கள், அந்த உறுதிப்படுத்தல் எவ்வளவு மெல்லிய இழை என்பதெல்லாம் பார்ப்பவருக்குப் புரியாமலே போகிறது. இன்னோர் இடத்தில் ‘மறுக்காத மறுப்பு’ என்று வர வேண்டியது வெறும் ‘மறுப்பு’ என்று வருகிறது. குற்றச்சாட்டைத் தொடாமல் பத்திரிகையை மட்டும் திட்டும் அறிக்கைக்கு ஆசிரியர் குழு வைத்திருக்கும் பெயர் அது. அதிகாரத்தில் இருப்பவர்கள் பதில் சொல்லாமல் எப்படி நழுவுகிறார்கள் என்பதே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதும் தெரிந்ததுதான். படத்தைக் காட்டாமல், ஆங்கில வரிகளும் அவை வரும் நேரமும் மட்டும் உள்ள டெம்ப்ளேட்டை அனுப்பினால் எந்த மொழிபெயர்ப்பாளரும் தடுமாறுவார். அதற்கு மேல், ஒரு வரியில் இத்தனை எழுத்துதான் என்ற வரம்பு. ‘நிறுத்தி’ என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடு என்ற கணினி எழுத்து முறையில் மெய்ப்புள்ளி, உயிர்க்குறி ஒவ்வொன்றும் தனிக் குறியீடு; அவற்றை எண்ணும் மென்பொருளுக்கு எட்டு. வரம்புக்குள் அடக்க, முதலில் வெட்டுப்படுவது ‘என்றால்’, ‘அதற்குள்’ போன்ற சொற்கள். இந்தப் படமோ அந்தச் சொற்களின் மேல்தான் நிற்கிறது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, சண்டைப் படத்துக்கும் மூச்சுவிடாமல் பேசும் படத்துக்கும் ஒரே தொகை கொடுப்பது எந்த ஊர் நியாயம்? தமிழ் மட்டும் தெரிந்தவரும் உங்களுக்கு முழுச் சந்தாதான் கட்டுகிறார்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டோம். கேட்பது ஒன்றுதான்: அந்தச் சப்டைட்டிலைப் புதிதாக எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குப் படத்தையும் முழு வசனத்தையும் கொடுங்கள். எழுத்து வரம்பைக் குறியீட்டுக் கணக்கில் வைக்காமல் கண்ணில் தெரியும் எழுத்துக் கணக்கில் வையுங்கள். செய்தி அறையில் வேலை பார்த்த ஒருவரிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள். முழுப் படத்துக்கும் நாளாகும் என்றால், அந்தப் போன் காட்சியையாவது இந்த வாரமே திருத்திவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ் சப்டைட்டிலோடு படம் பார்ப்பவர்கள்