ஒரு ஜன்னல், இரண்டு சுதந்திர நாள்

மணிலா
ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போன வாரம் போனில், "பிலிப்பைன்ஸுக்கு யாரிடமிருந்து சுதந்திரம்?" என்று கேட்டீர்கள். ஆபீஸ் அவசரத்தில் "ஸ்பெயின்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதிப் பதில்தான்.

12-ஆம் தேதி இங்கே சுதந்திர தினம், விடுமுறை. ஆபீஸில் பக்கத்து சீட் அக்கா (இங்கே அக்காவை 'ஆத்தே' என்பார்கள்) என்னை மணிலாவுக்குப் பக்கத்தில் காவிட் என்ற ஊருக்குக் கூட்டிப் போனார். கடைசித் தூரம் ஜீப்னி, அதாவது ஷேர் ஆட்டோ மாதிரி ஓடும் நீளமான ஜீப். பின்னால் உட்கார்ந்தால் காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும்; கை மாறி மாறி டிரைவரிடம் போய், மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வருகிறது. இறங்க 'பாரா போ' என்று சொல்ல வேண்டும். 'பாரா' என்றால் நிறுத்து, ஸ்பானிஷ்; 'போ' மரியாதைக்கு, நம் 'ங்க' மாதிரி. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் யாரோ விரட்டுவதுபோல் இருக்கிறது.

காவிட்டில் இருப்பது, ஸ்பெயினை எதிர்த்த புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோவின் வீடு. பெரிய மர வீடு, ரகசியக் கதவுகள் வேறு. 1898 ஜூன் 12 அன்று சுதந்திரப் பிரகடனம் வாசித்துக் கொடி காட்டியது இங்கே ஒரு ஜன்னலில். இப்போதுள்ள பால்கனி பின்னால் கட்டியதாம். ஜன்னலுக்கு இவர்கள் சொல்வது 'பிந்தானா', மேசைக்கு 'மேசா'. இரண்டும் ஸ்பானிஷ் தந்தவை. நம் ஜன்னலும் மேசையும் போர்ச்சுக்கீசியர் விட்டுப் போனவை இல்லையா? அங்கே நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது.

முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட ஸ்பெயின், அந்த டிசம்பரிலேயே பாரிஸ் ஒப்பந்தத்தில் 2 கோடி டாலருக்கு நாட்டை அமெரிக்காவுக்குக் கைமாற்றிவிட்டது. குடியிருப்பவனைக் கேட்காமல் வீட்டைக் கிரயம் செய்த கதை. 1899 பிப்ரவரியில் அமெரிக்காவோடு சண்டை மூண்டது. 1901-இல் அகினால்டோ பிடிபட்டார். அமெரிக்கா சுதந்திரம் கொடுத்தது 1946 ஜூலை 4 அன்றுதான், அதுவும் அவர்களுடைய சுதந்திர தினத்திலேயே! "அவங்க பிறந்தநாள் கேக்கில் எங்களுக்கு ஒரு துண்டு" என்று ஆத்தே சிரித்தார். 1962-இல் அதிபர் மக்கபகல்தான் கொண்டாட்டத்தை ஜூன் 12-க்கு மாற்றினார். அகினால்டோ அப்போதும் உயிரோடு இருந்தார் அப்பா, 93 வயதில்! இரண்டு வருஷம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தார். சமாதி வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டதால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

அப்புறம் ஒன்று. 1762-இல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்த ஆங்கிலேயப் படை மணிலாவைப் பிடித்து, 1764 வரை வைத்திருந்தது. கூட வந்த சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் கைன்டா என்ற ஊரில் பெண் கட்டித் தங்கிவிட்டார்களாம். இங்கிருந்து பக்கம்தான், அடுத்த ஞாயிறு போகிறேன். நம்ம ஊர் ஜாடை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.

பணம் அனுப்பிவிட்டேன். அம்மாவைக் கண் பரிசோதனைக்கு இந்த மாதமே கூட்டிப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
குமார்