கீழ்வீட்டு அம்மாவுக்கு நீ எழுதும் வசனம்

அன்பு மகளுக்கு,

கீழ்வீட்டு அம்மாவின் கணவருடைய செத்தவீட்டுக்குப் போகக் கிடைக்கவில்லை, அனுதாப அட்டையில் டச்சு மொழியில் ‘இக் வில்டெ கோமென்’ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தாய். பிழை இல்லை, ஆனால் போதாது. வர விரும்பினேன் என்பதோடு அது நின்றுவிடும். வந்தாயா இல்லையா என்பது அதில் இல்லை. இங்கே மரியாதையாக ஒன்றைக் கேட்கும்போதும் ‘இக் வில்டெ ஊ இட்ஸ் வ்ராஹென்’, அதாவது ‘உங்களிடம் ஒன்று கேட்க விரும்பினேன்’ என்றுதான் தொடங்குவார்கள். கேட்பது இப்போது, வினை மட்டும் இறந்தகாலம்.

நீ எழுத வேண்டியது ‘இக் ஹட் ஹ்ராஹ் வில்லென் கோமென்’. வர ஆசை இருந்தும் முடியாமல் போனது அந்த அம்மாவுக்கு அதில் விளங்கும்.

‘ஹட்’ என்ற இறந்தகாலத் துணைவினை வந்தவுடன், வில்லென் (விரும்பு) என்பதை ‘ஹெவில்ட்’ என்று இறந்தகால வடிவில் எழுதக் கை போகும். வேறு வினை சேராதபோது அது சரிதான்: ‘டட் ஹெப் இக் அல்டெய்ட் ஹெவில்ட்’, அதை நான் எப்போதும் விரும்பியிருக்கிறேன். ஆனால் கோமென் (வா) போல இன்னொரு வினை கூட வந்தால், வில்லென் மாறாமல் அப்படியே நிற்கும். மூட்டென் (வேண்டும்), குன்னென் (முடியும்) இரண்டுக்கும் இதே விதிதான்.

இதைவிட முக்கியமான இடம் மூட்டென். தமிழில் ‘அவ குளிசை எடுத்திருக்க வேண்டும்’ என்றால் இரண்டு கருத்து வரும்: எடுக்க வேண்டியவ, எடுக்கவில்லை. அல்லது, எடுத்திருப்பா என்று நினைக்கிறேன். குரலை வைத்துப் பிரித்துக்கொள்வோம். டச்சில் இவை இரண்டு வசனங்கள். ‘ஸ ஹட் ஹார் பில் மூட்டென் நேமென்’ என்றால் எடுக்கவில்லை. ‘ஸ மூட் ஹார் பில் ஹெனோமென் ஹெபென்’ என்றால் எடுத்திருப்பா. தமிழில் இறந்தகாலம் ‘எடுத்திரு’ என்று முதல் வினையிலேயே ஏறிவிடுவதால், எங்கள் ஆட்களுக்கு இரண்டாவதுதான் வாயில் முந்தி வரும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். மாறிச் சொன்னால் ஒரு கிழவிக்குக் குளிசை தவறும். நீயும் தாதி வேலைக்குப் படிக்கப்போகிறாய், அதனால்தான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

‘ஓம்டட் இக் ஹட் வில்லென் கோமென்’ என்று ஓம்டட் (ஏனென்றால்) சேர்ந்து வரும்போது, துணைவசனம் என்று நினைத்து ஹட்டைக் கடைசிக்குத் தள்ளாதே. இரண்டு வினைகளுக்கும் முன்னாலேயே விடு. என்.டி.2 என்ற டச்சு மொழி அரச சோதனையின் இரண்டாம் நிலை பி2 தரம், எழுத்துப் பகுதியில் இந்த வசனங்கள் உனக்குக் கட்டாயம் தேவைப்படும்.

உன் பட்டமளிப்புக்கு நான் யாழ்ப்பாணம் வரவில்லை. அப்பாவின் ஒப்பரேசன் அதே கிழமை. இக் ஹட் எர் வில்லென் ஸெய்ன், மகள். தமிழில் இதை உன்னிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை.

அட்டையைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வராதே. மணியை அடித்துக் கையில் கொடு. கோப்பி குடிக்கக் கூப்பிட்டால் இருந்து கதைத்துவிட்டு வா.

அன்புடன்,
அம்மா