கிளினிக் மேசையில் கேட்கப்படாத கேள்வி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் குடும்பத்திட்டமிடல் கிளினிக் நடத்தும் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். நான் படுவான்கரையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் தாய். கருத்தடை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. என் அம்மம்மா ஒன்பது பெற்று மூன்றைப் பறிகொடுத்தவர். எத்தனை பிள்ளை, எப்போது என்று நாங்களே தீர்மானிக்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வீடு வீடாக வரும் மிஸ்மாரின் உழைப்பும் தெரியும்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹோர்மோன் கருத்தடை ஊசி போட்டேன். இரண்டாவது ஊசி போட்டுச் சில வாரத்தில் ஒரு காலை, தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் திருவலையில் இருந்தபடியே அழத் தொடங்கினேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. பிறகு அது நாளாந்தம் ஆனது. பிள்ளை பாலுக்கு அழும், எழும்ப மனம் வராது, சுவரைப் பார்த்தபடி கிடப்பேன். "கண்ணூறு பட்டிருக்கும் மனே" என்று அம்மா கையில் நூல் கட்டுவித்தார். கணவர் தன்மேல் கோபம் என்று நினைத்தார்.

அடுத்த ஊசிக்குப் போனேன். நிறை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். "ரத்தம் படுதா? தலையிடி இருக்கா?" "இல்ல மிஸ்." கார்ட்டில் அடுத்த திகதி விழுந்தது. என்னிடம் கேட்டதற்கெல்லாம் நான் சரியாகத்தான் பதில் சொன்னேன்.

கடைசியில் ஒரு மனநல வைத்தியரிடம் போனபோது, "வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஊசியை நான் மருந்தாகவே எண்ணியிருக்கவில்லை. அவர் இன்னொரு விதமாகக் கேட்ட பிறகுதான் அது வெளியில் வந்தது. ஊசிதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் மனச்சோர்வாகவும் இருக்கலாம் என்றார். கருப்பைக்குள் வைக்கும், ஹோர்மோன் இல்லாத செப்பு லூப்புக்கு மாறினேன், மனநல சிகிச்சையும் எடுத்தேன். சில மாதத்தில் பழைய ஆள் ஆனேன். எது சுகமாக்கியது என்று பிரித்துச் சொல்ல என்னாலும் ஏலாது.

ஆனால் இது என் கற்பனையும் அல்ல. டென்மார்க்கில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஹோர்மோன் கருத்தடை பாவித்தவர்களில் வருடத்துக்கு 100 பேரில் சுமார் 2.2 பேர் முதன்முறையாக மனச்சோர்வு மருந்து தொடங்கினார்கள், பாவிக்காதவர்களில் 1.7 பேர். வித்தியாசம் சிறிது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அந்த ஆய்வால் நிறுவவும் முடியாது. ஆனால் 15 முதல் 19 வயதுப் பிள்ளைகளிடம் வித்தியாசம் தெளிவாகவே பெரிது. ஊசியின் மருந்துக் குறிப்பிலும், முன்பு மனச்சோர்வு வந்தவர்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அதற்காக மனச்சோர்வு உள்ளவர்கள் இவற்றைப் பாவிக்கவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை; அந்த 'பெரும்பாலானோரில்' சேராதவளுக்கும் ஒரு வழி வேண்டும் என்பதே என் கேள்வி.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஆண்களுக்கான கருத்தடை ஊசியொன்றை 320 ஆண்களிடம் பரிசோதித்தபோது, மனநிலை மாற்றம் உட்பட்ட பக்கவிளைவுகளைக் கண்டு 2011இல் ஊசி போடுவதை இடையில் நிறுத்தினார்கள். நிறுத்தியது சரிதான். அந்தக் கவனத்தில் ஒரு பங்கு எங்களுக்கும் கிடைக்கட்டும்.

குளிசை என்றால் நிறுத்தலாம். கையில் தோலுக்கடியில் வைத்த கருத்தடைக் குச்சியை எடுத்துவிடலாம். ஊசி அப்படியல்ல, போட்ட மருந்து உடம்பில் இருந்தே தீரும். ஆகவே போடுவதற்கு முன்பே சொல்லுங்கள்: "சிலருக்கு மனம் சோரும், எரிச்சல் வரும், நித்திரை குழம்பும். அப்படி வந்தா அடுத்த திகதி வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க, வாங்க, வேற முறை இருக்கு." இதைச் சொல்ல ஒரு நிமிடம் போகுமா? முன்பு மனச்சோர்வு இருந்ததா, பிள்ளை பிறந்த பிறகு மனம் எப்படி என்றும் கேளுங்கள். கார்ட்டில் நிறைக்கும் பிரஷருக்கும் பக்கத்தில் மனநிலைக்கும் ஒரு வரி விடுங்கள். சாகலாம் என்ற நினைப்பு வருவதாக ஒருத்தி சொன்னால் அன்றைக்கே மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் கார்ட்டில் எழுதிக் கொடுங்கள்.

கேட்கும்போது தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். அதனால் கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட வருவது பெரும்பாலும் பெற்ற தாய்தான். அம்மா பக்கத்து வாங்கில் இருந்தபோது நானும் "ஒண்டும் இல்ல மிஸ், சுகமா இருக்கன்" என்றுதான் சொன்னேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு தாய்