பேனலை அமைத்தவரையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்தித் தொலைக்காட்சிகளில் நேரலையின்போது தவறான காட்சி ஒளிபரப்பாகிவிடுவதைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். ஒரு தலைவரின் பேட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறெங்கோ நிற்கும் செய்தியாளர் தலை வாரிக்கொள்வது திரையில் வந்துவிடுகிறது என்றும், பட்டனை மாற்றி அழுத்தும் ஊழியரை வீட்டுக்கு அனுப்பினால்தான் இது நிற்கும் என்றும் அவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. அவர் சொல்லும் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னையில் தனியார் தொலைக்காட்சிகளின் தொழில்நுட்பப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், பட்டன்கள் பதித்த பேனலை அமைத்த விதத்தால் அதே போன்ற ஒரு தவறுக்கு நானே காரணமாக இருந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

ஸ்டுடியோ கேமராக்கள், வெளியூர்ச் செய்தியாளர்கள் பேக்பேக் என்ற முதுகில் சுமக்கும் கருவி வழியாக அனுப்பும் நேரலைகள், செயற்கைக்கோள் வழியே படம் அனுப்பும் டிஎஸ்என்ஜி வேனிலிருந்து வருபவை, கிராஃபிக்ஸ் கணினிகள், பதிவுகளை ஓட்டும் சர்வர்கள் என்று ஒரு செய்தி அலுவலகத்துக்குள் வரும் படங்கள் அனைத்தும் முதலில் வந்து சேருவது வீடியோ ரவுட்டர் என்ற பெட்டியில்தான். (வீட்டில் வைஃபை தரும் பெட்டிக்கும் அதே பெயர் என்பதால், சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் பொருளுக்கு இத்தனை லட்சமா என்று கேட்டு எங்கள் கொள்முதல் பிரிவு ஒருமுறை கோப்பையே திருப்பி அனுப்பியது.) உள்ளே வருவதை சோர்ஸ் என்றும், அது போய்ச் சேரும் இடத்தை டெஸ்டினேஷன் என்றும் சொல்வோம். 40 சோர்ஸ், 40 டெஸ்டினேஷன் கொண்ட நடுத்தர அளவு ரவுட்டரில் 1,600 இணைப்புகளுக்கு இடம் இருக்கிறது. ஒரு சோர்ஸைப் பத்து இடங்களுக்கு அனுப்பினாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒரு டெஸ்டினேஷனில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் இருக்க முடியும் என்பதால், அங்கே புதிதாக ஒன்றை அனுப்பினால் முன்பிருந்தது அந்தக் கணமே போய்விடும். ஆபத்து முழுவதும் இந்த ஒரு விதிக்குள் இருக்கிறது.

ரவுட்டர் இருப்பது குளிரூட்டிய கருவி அறையில். அதை இயக்குபவர் எம்சிஆர் என்ற முதன்மைக் கட்டுப்பாட்டு அறையில் தன் மேசையில் பதித்திருக்கும் பேனலின் முன்னால் உட்கார்ந்திருப்பார். அந்தப் பேனலில் வரிசை வரிசையாக உள்ள பட்டன்களுக்குப் பிறக்கும்போது எந்தப் பொருளும் கிடையாது. இந்தப் பட்டன் மதுரை நேரலை, இந்தப் பட்டன் இரண்டாம் ஸ்டுடியோ, இது மானிட்டர் என்று மடிக்கணினியை இணைத்து ஒவ்வொன்றுக்கும் பொருள் கொடுப்பவர் ஒரு பொறியாளர். பெரும்பாலும் அந்தப் பேனலில் ஒருநாள்கூட ஷிஃப்ட் பார்க்காதவர். நானும் அப்படிப்பட்டவனாகத்தான் இருந்தேன்.

நான் சொல்லும் சம்பவம் ஒரு சட்டமன்றத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை நாளில் நடந்தது. ஒளிபரப்பைத் தொகுக்கும் பிசிஆர் என்ற தயாரிப்புக் கட்டுப்பாட்டு அறைக்கு லைவ் 1 முதல் லைவ் 4 வரை நான்கு தடங்களை ரவுட்டரிலிருந்து கொடுத்திருந்தோம். எந்த ஊர் நேரலை எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதை எம்சிஆரில் இருப்பவர் மாற்றிக்கொண்டே இருப்பார். வரும் படம் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள அவர் மேசையில் ஒரு மானிட்டரும் உண்டு. அந்த மானிட்டரையும் நான்கு லைவ் தடங்களையும் ஒரே பேனலில், ஒரே வரிசையில், அடுத்தடுத்த ஐந்து பட்டன்களாக நான் வைத்திருந்தேன். முதலில் டெஸ்டினேஷனை அழுத்த வேண்டும், பிறகு சோர்ஸை அழுத்த வேண்டும். அழுத்தியதும் படம் மாறிவிடும். மாற்றத்தை உறுதி செய்ய டேக் என்று தனிப் பட்டன் வைக்கும் வசதி அந்தப் பேனலில் இருந்தது. ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு அழுத்தம் நேரத்தை வீணாக்குகிறது என்று தயாரிப்புப் பிரிவினர் முறையிட்டதால் அதை நான்தான் நீக்கியிருந்தேன்.

கடைசியாக அழுத்திய டெஸ்டினேஷன் தேர்விலேயே நிற்பது இத்தகைய பேனல்களின் இயல்பு. இரவு ஷிஃப்ட்டில் இருந்தவர் லைவ் 2 தடத்தைத் தொட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். காலையில் வந்த இளைஞர், மதுரையிலிருந்து வரும் படத்தை மானிட்டரில் பார்த்துவிடலாம் என்று நினைத்து மதுரை பட்டனை அழுத்தினார். மானிட்டரில் எதுவும் மாறவில்லை. பட்டன் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு முறை, இன்னும் அழுத்தமாக, அழுத்தினார். அந்த நேரத்தில் லைவ் 2 ஒளிபரப்பில் இருந்தது. சென்னையில் ஒரு கட்சி அலுவலக வாசலில் நடந்துகொண்டிருந்த பேட்டி போய், மதுரையில் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்த எங்கள் செய்தியாளர் வீடுதோறும் தெரிந்தார். அறைகளுக்கிடையே பேசிக்கொள்ளும் டாக்பேக்கில் பிசிஆர் கத்தியபோதுகூட அந்த இளைஞருக்குத் தன் கையால் நடந்தது என்று புரியவில்லை, ஏனென்றால் அவர் கண் மானிட்டரில் இருந்தது, அங்கே பழைய படம் அப்படியே இருந்தது.

அவருக்குக் கவனக்குறைவு என்று மெமோ கொடுத்தார்கள். அதன் நகலில் தொழில்நுட்பப் பிரிவின் சார்பில் கையெழுத்திட்டவன் நான். எந்த டெஸ்டினேஷன் தேர்வில் இருக்கிறது என்பதைக் காட்டும் விளக்கு அந்தப் பேனலில் எரிந்துகொண்டுதான் இருந்தது என்று விசாரணையில் சொல்லவும் செய்தேன். மூன்றாம் நாள் இரவு யாரும் இல்லாத வேளையில் அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தபோது, மேலேயிருந்த குழல்விளக்கின் வெளிச்சத்தில் எரியும் பட்டனுக்கும் எரியாத பட்டனுக்கும் வேறுபாடே தெரியவில்லை. மறுநாள் மேலாளரைப் பார்த்து மெமோவைத் திரும்பப் பெறச் சொன்னேன். பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் அந்த இளைஞருடைய அந்த ஆண்டு ஊதிய உயர்வு போய்விட்டிருந்தது.

அதன் பிறகு நான் செய்தவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. எந்தப் பேனலோடும் வரும் கையேட்டில் உள்ளவைதான். மானிட்டருக்குத் தனிப் பேனல் வைத்து, அதன் எல்லாப் பட்டன்களையும் சோர்ஸாக மாற்றி, அது வேறெந்த டெஸ்டினேஷனையும் தொடவே முடியாதபடி செய்தேன். எதை அழுத்தினாலும் மானிட்டர்தான் மாறும் என்றால் அழுத்துபவருக்குப் பயம் இல்லை. லைவ் தடங்களுக்கான பேனலில் டேக் பட்டனைத் திரும்பக் கொண்டுவந்தேன். அந்த ஒரு கூடுதல் அழுத்தத்துக்குத் தயாரிப்புப் பிரிவினர் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். ஒளிபரப்பில் இருக்கும் தடத்தைப் பூட்டி வைக்கும் லாக் வசதியும் ஏறக்குறைய எல்லா ரவுட்டர்களிலும் இருக்கிறது. ஆனால் பூட்டியவர் ஷிஃப்ட் முடிந்து போன பிறகு அவசரத்துக்குத் திறப்பது யார் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், இரண்டு நாளில் எல்லோரும் பூட்டுவதையே விட்டுவிடுவார்கள். அதையும் அனுபவித்தேன்.

பட்டன்களின் வரிசை பற்றியும் சொல்ல வேண்டும். ரவுட்டரின் பின்பக்கம் கேபிள்கள் எந்த வரிசையில் செருகப்பட்டனவோ அதே வரிசையில் பட்டன்களையும் அமைத்துவிடுவது எங்கள் தொழிலின் சோம்பேறித்தனம். முதல் நாள் வந்தது 1, அடுத்து வந்தது 2, மூன்று ஆண்டு கழித்து வாங்கிய பேக்பேக் 37 என்று கேபிள்கள் வளர்ந்திருக்கும். அதனால் கோவை ஒரு மூலையிலும் திருப்பூர் இன்னொரு மூலையிலும் கிடக்கும். இயக்குபவர் எண்ணை நினைக்க மாட்டார், ஊரை நினைப்பார். ஆகவே நேரலைகள் ஒரு கூட்டம், ஸ்டுடியோ ஒரு கூட்டம், சர்வர்கள் ஒரு கூட்டம் என்று பிரித்து, கூட்டங்களுக்கு நடுவே சில பட்டன்களை வேண்டுமென்றே காலியாக விட்டேன். காசு கொடுத்து வாங்கிய பட்டன்களைச் சும்மா வைத்திருப்பதேன் என்று கணக்குத் தணிக்கைக்கு வந்தவர் கேட்டார். சாலையின் நடுவே மேடு போட்டு இடத்தை வீணாக்குவது போலத்தான் என்றேன், அவர் சிரிக்கவில்லை.

பெயர்ச்சீட்டு இன்னொரு சங்கதி. பழைய அமைப்புகள் பலவற்றில் பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துகளுக்கு மேல் இடம் கிடையாது. ஊர்ப் பெயரையும் வேன் எண்ணையும் அதற்குள் அடைக்கும்போது, அமைத்தவருக்கு மட்டுமே புரியும் சுருக்கங்கள் பிறக்கின்றன. எங்கள் பேனலில் பட்டனின் மேல்மூடி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். நகத்தால் நெம்பினால் கழன்று வரும், உள்ளே விரல்நுனி அளவுக்குச் சீட்டு வைக்கலாம். தமிழில் அச்சிட்டு, பிளேடால் வெட்டி, ஒவ்வொன்றாக வைத்தோம். ‘நெல்லை’ என்று தமிழில் படிக்க ஒரு நொடிகூட ஆவதில்லை. ஆனால் சீட்டைப் பேனலின் நிரல் அறியாது. சோர்ஸை மாற்றிவிட்டுச் சீட்டை மாற்ற மறந்தால் பட்டன் பொய் சொல்லும் என்பதால், நிரலை மாற்றுபவரே அதே நாற்காலியில் இருந்து சீட்டையும் மாற்றிவிட்டுத்தான் எழ வேண்டும் என்று விதி வைத்தோம்.

மடிக்கணினி வழியாகப் பட்டனுக்குப் பொருள் கொடுக்கும்போது எண்கள் செய்யும் குறும்பையும் இளம் பொறியாளர்களுக்காகக் குறிப்பிட விரும்புகிறேன். பிளாக்மேஜிக் நிறுவனத்தின் வீடியோஹப் வகை ரவுட்டர்கள் அலுவலக வலைப்பின்னலில் 9990 என்ற போர்ட் எண்ணில், கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து வரிகளாகவே கட்டளைகளை ஏற்கின்றன. சிறு நிரல் எழுதத் தெரிந்த எவரும் தனக்கு வேண்டிய பட்டனைத் தானே உருவாக்கிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. அந்தக் கட்டளையில் எண்ணிக்கை 0 என்று தொடங்கும். பெட்டியின் முதுகில் 1 என்று தொடங்கும். மேலும், ஒவ்வொரு வரியிலும் முதலில் டெஸ்டினேஷன் எண்ணும் அடுத்ததாக சோர்ஸ் எண்ணும் வர வேண்டும். இந்த இரண்டையும் கவனிக்காமல் எழுதிய நிரல் பிழைச் செய்தி எதுவும் தராமல் சமர்த்தாக ஓடும், பக்கத்து ஊரைக் காட்டும்.

தவறு இத்தனை வேகமாக வீடு வந்து சேருவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு படச் சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பார்வையாளருக்குத் தெரியாத சில வரிகள் உள்ளன. 1080 வரி எச்டி படத்தில் 7ஆம் வரியிலும், பழைய 625 வரிப் படத்தில் 6ஆம் வரியிலும் மாற்றம் நிகழ வேண்டும் என்று திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் சங்கமான எஸ்எம்பிடிஇ வரையறுத்திருக்கிறது. எல்லாக் கருவிகளும் ஒரே தாளத்தில் ஓடினால் படம் துளியும் நடுங்காமல் மாறும். விநாடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் நம் ஒளிபரப்பில், விரல் பட்ட அடுத்த சட்டகமோ அதற்கடுத்ததோ புதிய படம். சரியான படத்துக்கென்று உருவாக்கிய அந்த நேர்த்தி தவறான படத்துக்கும் கிடைத்துவிடுகிறது. திரை ஒரு கணம் கறுத்துப் போயிருந்தாலாவது, ஏதோ கோளாறு என்று வாசகர் மன்னித்திருப்பார்.

இப்போது எஸ்எம்பிடிஇ 2110 என்ற தரப்படி, படம் தனிக் கேபிளில் வராமல் கணினி வலைப்பின்னலிலேயே பாய்கிறது. அந்தத் தரத்தின் முதல் பகுதிகள் 2017இல் வெளியாயின. ரவுட்டர் என்ற பெட்டியே இல்லாமல் போகலாம், சோர்ஸ் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொடலாம். மேசையில் இருக்கும் பேனலோ நேற்றைப் போலவே இருக்கிறது, அதே விரலுக்காகக் காத்திருக்கிறது. சோர்ஸ் பெருகப் பெருக, ஒரு பேனலில் எதை வைப்பது என்பதைவிட எதை வைக்காமல் விடுவது என்பதே பெரிய வேலையாகிறது.

ஆகவே வாசகருக்கும் தொலைக்காட்சி நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள் இது: அடுத்த முறை தவறான காட்சி ஓடினால், அழுத்தியவரை அழைப்பதற்கு முன் அந்தப் பேனலின் நிரல் கோப்பை வரவழையுங்கள். அதைக் கடைசியாக யார், எந்தத் தேதியில் மாற்றினார், யாரைக் கேட்டு மாற்றினார் என்று பாருங்கள். பல இடங்களில் அப்படியொரு கோப்பே இருக்காது. ஏதோ ஒரு சிறப்பு நிகழ்ச்சிக்காக நள்ளிரவில் மாற்றியது அப்படியே நின்றிருக்கும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில், ஒவ்வொரு தேர்தலுக்கும் முதல் நாள், இரவு ஷிஃப்ட்டுக்கு வருபவரைப் பேனலின் முன் உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டு ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். சேலம் என்றதும் விரல் நேராகப் போய்விட்டால் அடுத்த ஊர். விரல் காற்றில் ஒரு கணம் நின்றால் அந்தப் பட்டனைக் குறித்துக்கொண்டு, அவர் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் இடம் மாற்றி வைப்பேன். அரை மணி நேர வேலை. பேனலை அமைக்கும் எந்தப் பொறியாளரும் இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒளிபரப்புப் பொறியாளர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை.