எங்கள் 5 வாட்டைக் கேட்ட காதுகளுக்கு நன்றி

ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலை உச்சியிலிருந்து முதன்முறையாக ரேடியோ இயக்கிவிட்டுப் பத்திரமாகக் கீழே வந்துவிட்டேன். மலை உச்சிகளிலிருந்து ரேடியோ இயக்குவதற்காக 2002இல் தொடங்கிய சோட்டா (SOTA) திட்டத்தில் ஓர் உச்சிக்குப் புள்ளி கிடைக்கக் குறைந்தது 4 தொடர்புகள் வேண்டும். எனக்குக் கிடைத்ததும் சரியாக நான்குதான். அதில் ஒன்றுகூட நான் தனியாகச் செய்ததில்லை.

முதல் நன்றி எனக்கு மோர்ஸ் (புள்ளி, கோடுகளால் செய்தி அனுப்பும் முறை) கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு. கிளம்புவதற்கு முந்தின நாள் என் பையைக் கொட்டி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள். சோட்டா விதிப்படி வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது, பெட்ரோல் ஜெனரேட்டர் கூடாது, பேட்டரி முதற்கொண்டு எல்லாவற்றையும் சுமந்துதான் ஏற வேண்டும் என்பதால் கிராம் கணக்கில் எடையைக் குறைத்து வைத்திருந்தேன். நீங்களோ ஒரு சின்ன அடாப்டரை உள்ளே போட்டீர்கள்: ஒரு பக்கம் ரேடியோவில் மாட்டும் பி.என்.சி. இணைப்பு, மறுபக்கம் சிவப்பும் கறுப்புமாக இரண்டு திருகு முனைகள். “இது என்ன எடை, கிடக்கட்டும்” என்றீர்கள்.

மேலே போய்க் கம்பத்தை நிறுத்தி ஆன்டெனாவைப் பார்த்தால், எஸ்.டபிள்யூ.ஆர். முள் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டுவது; 1க்கு அருகில் இருந்தால் நல்லது) நிலைகொள்ளாமல் ஆடியது. என்னோடு ஏறி வந்த நண்பர், ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளை முழம் முழமாக விரலால் நெருடிக்கொண்டே வந்து பிளக்கின் கழுத்தில் நிறுத்தினார். அங்கே அழுத்தினால் முள் இறங்குகிறது, விட்டால் ஏறுகிறது. உறைக்குள் செப்புப் பின்னல் அறுந்திருந்தது. அந்த உச்சியில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வழி ஏது? அவர் கேபிளை அங்கேயே வெட்டினார். கத்தியால் உறையைச் சீவி, பின்னலைப் பிரித்து முறுக்கி, அண்ணன் போட்ட அடாப்டரில் நடுக்கம்பியைச் சிவப்பிலும் பின்னலைக் கறுப்பிலும் வைத்துத் திருகினார். காற்றில் விரல்கள் விறைத்துப்போயிருந்தும் ஓர் இழையைக்கூட மறுமுனையைத் தொட விடவில்லை. முள் 1.3இல் வந்து நின்றது. நண்பா, அந்தப் பத்து நிமிடம் இல்லையென்றால் இந்த மடலே இல்லை.

14 மெகாஹெர்ட்ஸில் மூன்று பேர் கிடைத்தார்கள். முதலில் பதில் சொன்னவர் என் அலைவரிசையை மற்றவர்களுக்கும் தெரிவித்தார்; அடுத்த இருவரும் வந்தது அதனால்தான். மூவருக்கும் நன்றி.

அப்புறம் ஒருவரும் இல்லை. கம்பத்தை இறக்கி, டைபோலின் (இருபக்கமும் கம்பி நீளும் என் ஆன்டெனாவின்) இணைப்புகளை மாட்டி, பக்கத்துக்கு 5 மீட்டராக இருந்த கம்பியை 10 மீட்டராக்கி 7 மெகாஹெர்ட்ஸுக்குப் போனோம். நேரமோ நண்பகல். வெயில் ஏற ஏற அயனி மண்டலத்தின் கீழடுக்கான டி அடுக்கு இந்த அலைவரிசையை விழுங்கிவிடும். 100 வாட்டுக்கும் என் 5 வாட்டுக்கும் 13 டெசிபெல் வித்தியாசம் வேறு. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

நான்காமவரே, உங்களுக்குத்தான் இந்த மடலில் பாதி. என் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியின் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் திருப்பி அனுப்பி ஒரு கேள்விக்குறி போட்டீர்கள். நான் மறுபடி அனுப்பினேன். இன்னோர் எழுத்து சேர்ந்தது, மறுபடியும் கேள்விக்குறி. சிக்னல் மங்கியபோது காத்திருந்தீர்கள், தேறியபோது வேகத்தைக் குறைத்துக் கேட்டீர்கள். இடையில் கூப்பிட்ட மற்றவர்களும் நிலைமை புரிந்து அமைதியானார்கள். அந்த அமைதிக்கும் நன்றி. முழுக்குறியும் சரியாக வந்து நீங்கள் என் சிக்னலின் தரத்துக்கு 339 (மங்கல்தான்; 599 உச்சம்) என்று கொடுத்தபோது பக்கத்திலிருந்த நண்பர் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். உச்சியில் இருப்பவன் சும்மா அனுப்புகிறான். உழைப்பு முழுக்கக் கேட்பவருடையது என்றே நினைக்கிறேன்.

அடிவாரத்தில் கைக்கருவியோடு உட்கார்ந்து மேகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த தங்கைக்கும் நன்றி. “மேற்கே கறுக்குது அண்ணா, கம்பத்தை இறக்குங்க” என்று 2 மீட்டர் அலைவரிசையில் நீ சொன்னபோது ஐந்தாவது தொடர்புக்கு ஆசை இருந்தது. ஆனால் உச்சியில் நட்டு வைத்த கம்பியின் பக்கத்தில் இடிமின்னலோடு நிற்கக் கூடாது. கால்மணி நேரத்தில் சுருட்டிக் கட்டி இறங்கினோம். பாதி வழியில் முதல் இடி கேட்டது.

நான்கு பேருக்கும் தொடர்பை உறுதிசெய்யும் க்யூ.எஸ்.எல். அட்டை என் கையாலேயே எழுதி அனுப்புகிறேன். அடுத்த முறை விடிந்த கையோடு, டி அடுக்கு வலுக்கும் முன்பே 7 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடுவேன். நான்காமவரே, நீங்கள் கொடுத்த 339ஐ 559 ஆக்க முயல்கிறேன். கொஞ்சம் காதைத் தீட்டி வையுங்கள்.

அன்புடன், 73 (நல்வாழ்த்துகள்).