பரப்பு காடாகிவிடாது

ஆசிரியருக்கு,

கார்பன் வெளியேற்றத்தை 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா சொன்னது, 2005-ஐ ஒப்பிட்டு, உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும்தான்; மொத்த அளவில் அல்ல. உற்பத்தி இரட்டித்தாலே மொத்தப் புகை 10 சதவீதம் கூடிவிடும்.

காட்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு ஹெக்டேரில் 10 சதவீத மரநிழல் இருந்தால் போதும், வன அளவாய்வில் அது காடு. எங்கள் இடுக்கியின் ஏலத்தோட்ட நிழல்மரமும் ரப்பரும் அதில் சேர்த்தி. முதிர்ந்த ரப்பரை வெட்டி விறகாக்கினால் காய்ந்த மரம் டன்னுக்குச் சுமார் 1.8 டன் கரியமில வாயு. மறுநடவு தழைத்ததும் பரப்பு கணக்கில் ஏறிவிடும்; போன கார்பன் திரும்பப் பல ஆண்டு பிடிக்கும். இயற்கைக் காட்டையும் தோட்டத்தையும் தனித்தனியே காட்டட்டும்.

மழை பொய்த்து இடுக்கி அணை வற்றினால் வாங்குவது நிலக்கரி மின்சாரம்: யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. அதுவும் புகைக் கணக்கில்தான் ஏறும்.

– வாசகர், குமுளி